மறு: 'சைட்டேஷன்' - தமிழில் என்ன சொல்லலாம்?

> 'உள்ளூர் மேற்கோள்' என்றே வைத்துக்கொள்ளலாமே. புழங்கும் சொல்தானே.

ஒப்பமுடியவில்லை ஐயா. மேற்கோள் என்றால் ஒருவர் சொன்னதை எடுத்துக்காட்டுவது. உள்ளூர்த் தேடலில் 'லோக்கல் சைட்டேஷன்' என்கிறார்களே, அங்கே யாரும் எதையும் சொல்லவில்லை. ஒரு கடையின் பெயர், இருக்கும் இடம், போன் நம்பர் மூன்றும் ஜஸ்ட்டயல், சுலேகா, இந்தியாமார்ட் மாதிரிக் கடைகளைப் பட்டியலிடும் தளங்களில் பதிவாகியிருக்கின்றன, அவ்வளவுதான்.

மயிலாடுதுறையில் என் சித்தப்பா பாத்திரக்கடை வைத்திருக்கிறார். போன மாதம் அந்தக் கடையை இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஒரு தளத்தில் ஊர் 'மாயவரம்'. இன்னொன்றில் 'மாயூரம்', அரசு அந்தப் பெயரை மாற்றியது 1982இல்! மூன்றாவதில் மயிலாடுதுறைதான், ஆனால் நாகப்பட்டினம் மாவட்டம். 2020இல் தனி மாவட்டமானது அங்கே இன்னும் எட்டவில்லை. 04364 என்று தொடங்கும் ஒரு நம்பரும் கிடக்கிறது. அந்த லேண்ட்லைனை ஒப்படைத்துப் பல வருஷம் ஆயிற்று. கூப்பிட்டவர்கள், கடையே மூடிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நமக்கு மாயவரமும் மயிலாடுதுறையும் ஒன்று. தேடுபொறி இதை இரண்டு கடையாக எண்ணிவிடலாம். உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தொலைவு, பிரபலம் மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. தொலைவுக்கு நாம் ஒன்றும் செய்யமுடியாது. கடையைத் தூக்கிக்கொண்டு போய் மணிக்கூண்டுப் பக்கம் வைக்கவா முடியும்? எழுதியிருப்பதை எல்லா இடத்திலும் ஒன்றுபோல ஆக்கலாம். அது நம் கையில் இருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் பரிந்துரை 'விலாசம்'. பதிவு ஒவ்வொன்றும் 'விலாசக்குறிப்பு'. எல்லாம் ஒத்திருப்பது 'விலாச ஒருமை'.

> விலாசம் வடசொல். 'முகவரி' இருக்கும்போது எதற்கு?

முகவரி இடத்தை மட்டும்தான் சொல்லும். நகரத்தார் வழக்கில் விலாசம் என்றால் கடையின் பெயரெழுத்து. கணக்கிலும் உண்டியலிலும் (பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் சீட்டு) போடுவது. 'அந்த விலாசத்தில் வரவு வை' என்றால் அந்தப் பேரில் வை என்று பொருள். யார் என்பதும் எங்கே என்பதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் 'பெயர்முகவரி' என்று ஒட்டலாம். எனக்கு அது ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி தெரிகிறது.

சித்தப்பாவிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். "உங்க உள்ளூர் மேற்கோள் சரியில்லை" என்றதும், திருக்குறள் ஏதோ தப்பாகப் போட்டுவிட்டார்களா என்று கேட்டார். "நெட்டுல உங்க விலாசம் ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி இருக்கு" என்றேன். "அப்ப சரக்கு வேற கடைக்குப் போயிடுமே, முதல்ல மாத்துப்பா" என்றார்.

கூகுளில் மாற்றியாயிற்று. பழைய நம்பரை வைத்திருக்கும் தளம்தான் இன்னும் பாக்கி. உரிமையாளர் என்று உறுதிசெய்ய, செத்துப்போன அதே நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்புகிறது.

அப்புறம், 'பிசினஸ் டைரக்டரி'க்கு நேற்று ஒருவர் தந்த 'கடையடைவு' பற்றி. அடைவு நல்ல சொல், சொல்லடைவு நூலடைவு எல்லாம் இருக்கின்றன. ஆனால் வேகமாகப் படித்தால் 'கடையடைப்பு' என்று கண்ணில் படுகிறது. வியாபாரியிடம் போய் "உங்களைக் கடையடைவில் சேர்க்கிறேன்" என்றால் ஷட்டரை இறக்கிவிடுவார். 'வணிக அடைவு' என்று வைத்துக்கொள்வோமா?