பட்டணம்காத்தானா, உச்சிப்புளியா: எங்கே மனை வாங்கலாம்?

கேள்வி: மண்டபம் வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். நான் மண்டபத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். என் மனைவி ராமநாதபுரத்தில் செவிலியராகப் பணிபுரிகிறார். பத்து ஆண்டுகளாக நகருக்குள் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக மனை வாங்கி வீடு கட்டலாம் என்று இறங்கியிருக்கிறோம். அலைந்து பார்த்ததில் இரண்டு மனைகள் கையில் நிற்கின்றன. ஒன்று, ஆட்சியர் அலுவலகம் இருக்கும் பட்டணம்காத்தானில் உட்புறத் தெருவொன்றில் மூன்றரை சென்ட். மற்றொன்று, உச்சிப்புளியில் நெடுஞ்சாலைக்குத் தெற்கே, முன்பு தென்னந்தோப்பாக இருந்து இப்போது மனைகளாகப் பிரிக்கப்பட்ட இடத்தில் எட்டு சென்ட். இரண்டுக்கும் கேட்கும் தொகை ஏறக்குறைய ஒன்றுதான்.

பட்டணம்காத்தான் என்றால் மனைவிக்கு இரவுப் பணி முடிந்து திரும்புவது எளிது. ஆறாம் வகுப்புக்குப் போகவிருக்கும் மகளுக்கும் பள்ளி அருகில் கிடைக்கும். உச்சிப்புளி என்றால் எனக்குப் பயணம் பாதியாகக் குறையும். பாம்பனில் கடல் தொழில் பார்த்து ஓய்ந்த என் தந்தையும் எங்களோடுதான் இருக்கிறார். கச்சான் காற்று முகத்தில் படாத ஊரில் தமக்குத் தூக்கம் வராது என்று அவர் உச்சிப்புளியையே சொல்கிறார். ஆனால் முழங்கால் வலிக்கு மாதம் இருமுறை மருத்துவமனைக்குப் போகவேண்டியவரும் அவர்தான். தொலைவைப் பற்றி வீட்டில் வேண்டிய அளவு வாதாடிவிட்டோம். தொலைவைத் தவிர நாங்கள் பார்க்கத் தவறியது என்ன என்பதை, இவ்விரு ஊர்களிலும் வாழ்ந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஆட்சியர் அலுவலகச் சாலைக்காரன்

நான் பட்டணம்காத்தானில் எட்டு ஆண்டுகளாகச் சொந்த வீட்டில் இருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கும் ஆட்டோ கிடைக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலைச் சந்திப்புக்கு நடந்து போனால் நாலாபக்கமும் பேருந்து உண்டு. இரவுப் பணிக்குப் போகும் பெண் வீட்டில் இருக்கும்போது இதற்கு ஈடாக வேறெதையும் வைக்க முடியாது என்பதே என் கருத்து.

ஆனால் தண்ணீர் விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பு. பாத்திரம் கழுவலாம், துணியை அலசினால் வெளுத்துப்போகும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் தரைத்தொட்டியை நிரப்பிக்கொண்டு அதை வைத்துக் காலத்தை ஓட்டுகிறோம். வராத வாரத்தில் லாரித் தண்ணீர்தான். ஆகவே மூன்றரை சென்டில் வீட்டுக்கு வரைபடம் போடும்போது, பெரிய தரைத்தொட்டிக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டுப் பிறகு படுக்கையறையைப் பற்றி யோசியுங்கள்.

இன்னொன்று, தெருவின் மட்டம். சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் அரை அடியாவது உயர்த்திவிடுகிறார்கள். எங்கள் தெருவில் பழைய வீடுகளெல்லாம் குழிக்குள் இறங்கிவிட்டன. ஐப்பசி, கார்த்திகையில் வாசலில் மணல்மூட்டை அடுக்காத வீடு குறைவு. உட்புறத் தெரு என்று சொல்கிறீர்கள், அதனால்தான் எழுதினேன்.

மறுமொழி: கட்டடப் பொறியாளர், கீழக்கரை

இந்தக் கடற்கரையில் வீடு கட்டிக்கொடுப்பதே என் தொழில். உச்சிப்புளிப் பக்கம் நல்ல தண்ணீர் கிடைப்பதன் காரணத்தைப் புரிந்துகொண்டால், அது எப்போது கெடும் என்பதும் புரிந்துவிடும். அங்கே வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா; நடுவில் மணல்திட்டாகக் கிடக்கும் நிலம். மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்குமேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அதே கணக்கை மறுபக்கம் திருப்புங்கள்: மேலே இருக்கும் அந்த ஓர் அடியை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால், கீழிருந்து உப்புநீர் 40 அடி மேலேறி வரப் பார்க்கும். ஆகவே அங்கே மனை வாங்கினால் ஆழ்துளைக் கிணறு போடுவதை நினைக்கவே வேண்டாம். ஆழம் குறைந்த உறைக்கிணறு போட்டு, சிறிய மோட்டாரில், கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அந்த மேல்வரம்பில் இருக்கும் நீரைக் குடிக்கும் வயதானவர்களின் முகத்தைப் பார்த்தால் நீங்களே தீர்மானித்துக்கொள்வீர்கள். குளோரைடு அளவையும் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. உவர்நீரில் கலவை போட்டு, பத்தே ஆண்டில் கூரைக் காரை பெயர்ந்து கம்பி பல்லை இளிக்கும் வீடுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கடற்காற்று நேரடியாகப் படும் இடத்தில் எம்30 தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடலும் வேண்டும். கொத்தனார் 20 மில்லிமீட்டர் வைத்துவிட்டு, "ஊரே இப்படித்தான் கட்டுது சார்" என்பார்; விட்டுக்கொடுக்காதீர்கள். இந்தச் செலவு உச்சிப்புளியில் உங்களுக்குக் கூடுதலாக வரும். எட்டு சென்ட் மலிவு என்று கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: தோப்புவீடு

பொறியாளர் அண்ணன் எழுதியது சரிதான். ஆனால் ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது. நீங்கள் சிறிய மோட்டார் போட்டுச் சிக்கனமாக எடுத்தாலும், பக்கத்துத் தோப்பில் லாரிக்குத் தண்ணீர் விற்றால் உங்கள் சிக்கனத்தால் பயனில்லை. நான் உச்சிப்புளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினெட்டு ஆண்டுகளாகின்றன. வந்த புதிதில் கிணற்றிலிருந்து நேராகக் குடித்தோம். பக்கத்தில் லாரி நிற்கத் தொடங்கிய பிறகு சித்திரை, வைகாசியில் டீ திரிந்துபோகிறது. ஆகவே சுற்றிலும் நான்கைந்து தோப்பு தள்ளி நடந்து, எங்கெல்லாம் லாரி போகும் தடம் மணலில் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். மனை காட்டுகிறவர் இதைச் சொல்லமாட்டார்.

உங்கள் மனைவிக்காகவும் ஒரு சொல். பகலில் ராமேசுவரம் பேருந்துகளுக்குக் குறைவில்லை. ஆனால் இரவில் நெடுஞ்சாலையில் இறங்கித் தெற்கே உள்ளே வரும் அந்த ஒரு கிலோமீட்டர், தெருவிளக்கு எரிகிறதா என்பதைப் பொறுத்தது. ஒருநாள் இரவு பத்து மணிக்குமேல் அவரையே அழைத்துவந்து நடக்கவிட்டுப் பாருங்கள், தம்பி. மற்றபடி உங்கள் அப்பாவுக்கு எங்கள் ஊர் பிடிக்கும், காற்றுக்குக் குறைவில்லை.

மறுமொழி: பழைய பத்திர எழுத்தர்

தோப்பு மனை என்றதும் பத்திரத்தைப் பற்றிச் சொல்லத் தோன்றியது. பட்டாவும் வில்லங்கச் சான்றும் எல்லோரும் பார்ப்பார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் அந்தப் புல எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். சமஸ்தானத்து நிலங்கள் இருந்த பகுதி இது, தேவஸ்தானம், வக்பு, ஊருணிப் புறம்போக்கு எல்லாம் அடுத்தடுத்துக் கிடக்கும். புலப்படத்தை வாங்கி நிலத்தில் அளந்து பாருங்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்குள் அங்கீகாரமின்றி விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்தத்தான் 2017இல் விதி வந்தது. நேற்றுப் பிரித்த தோப்புக்கு அதைக் காட்டி யாராவது சமாதானம் சொன்னால் நம்பவேண்டாம்.

கடல் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் மனை இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடு வரும். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருப்பதால், மாடி எழுப்ப நினைத்தால் உயரத்துக்குத் தடையில்லாச் சான்று தேவையா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவுக்கு: முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 விழுக்காடு குறையும். மனைவி பெயரில் எழுதுங்கள், வீட்டிலும் அமைதி நிலவும்.

மண்டபம் வாத்தியார்

எழுதிய அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை தந்தையையும் அழைத்துக்கொண்டு உச்சிப்புளிக்குப் போனோம். அக்கா சொன்னபடியே மனைக்கு மேற்கே மூன்றாவது தோப்பில் லாரித் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. தந்தை அங்கிருந்த கிணற்று நீரை ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "இது மழைக்காலத் தண்ணி, இதை நம்பாதே" என்றார். கடலில் நாற்பது ஆண்டு தண்ணீரைப் பார்த்தவர் சொன்ன பிறகு நான் வாதாடவில்லை. ஆனாலும் பொறியாளர் சொன்னபடி ஒரு பாட்டிலில் பிடித்து வந்து சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். அன்றிரவே மனைவியை அந்த ஒரு கிலோமீட்டரில் நடக்கவிட்டும் பார்த்தோம். நான்கு கம்பங்களில் ஒன்றில்தான் விளக்கு எரிந்தது. அவர் ஒன்றும் பேசாமல் வண்டியில் ஏறிக்கொண்டார்.

பட்டணம்காத்தான் மனையின் மட்டத்தைக் குழாய் மட்டம் வைத்துப் பார்த்ததில், சாலையைவிட ஒன்றரை அடி தாழ்ந்திருக்கிறது. அதை நிரப்ப எத்தனை லோடு மண் ஆகும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். உரிமையாளர் யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, அந்தத் தெருவில் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்பதை நேரில் பார்த்தவர் எவரேனும் இங்கே இருந்தால் தயவுசெய்து எழுதவும். எதிர்வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கறை தெரிகிறது. அது அந்த மழையினுடையதா என்பதைத் தெரிந்துகொண்டு முன்பணம் கொடுக்கலாம் என்றிருக்கிறோம்.