ஹிடா-ஃபுருகாவா பயணம்: புதுப்பிப்பு

'கிமி நோ நா வா' (Your Name, 2016) என்ற ஜப்பானிய அனிமே படத்தில் வரும் ஹிடா-ஃபுருகாவா என்ற ஜப்பானிய ஊருக்கு வழி சொல்லிய முந்தைய இழையில், ரயில் பற்றியும், படத்தில் வரும் நூலகம் பற்றியும்தான் அதிகம் கேட்டிருந்தீர்கள்.

நகோயாவிலிருந்து கிளம்பும் 'ஹிடா' விரைவு ரயில்களில் பல, ஃபுருகாவாவுக்கு முன்னால் வரும் தகயாமா நகரத்தோடு நின்றுவிடும். டிக்கெட் எடுக்கும்போதே ஃபுருகாவா வரை போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தகயாமாவில் இறங்கி உள்ளூர் ரயில் பிடிக்க வேண்டும். ஓடும் நேரம் கால் மணிதான்; ஆனால் அடுத்த ரயிலுக்குச் சில சமயம் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். திரும்பும் ரயிலின் நேரத்தை இறங்கியதுமே குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபுருகாவா நிலையத்தருகே தண்டவாளத்துக்கு மேலுள்ள நடைபாலத்தில் நின்றால் படத்தின் அதே கோணம் கிடைக்கும். ரயில்தான் வேறு. படத்தில் வருவது கிஹா 85 என்ற டீசல் ரயில். 2023 மார்ச்சில் 'ஹிடா' சேவையிலிருந்து அதை எடுத்துவிட்டு, முழுக்க ஹெச்சி85 (HC85) என்ற ஹைப்ரிட் ரயிலையே (டீசல் எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்தது) ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். அசல் வண்டிக்காகப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

நகர நூலகத்தில் முதலில் கவுன்டரில் அனுமதி கேளுங்கள், பிறகு கேமராவை எடுங்கள். படிக்க வந்தவர்கள் யாரும் நீங்கள் எடுக்கும் புகைப்படத்தில் விழக்கூடாது. மூடியிருக்கும் நாளையும் முன்னமே பார்த்துவிடுங்கள்.

ஊருக்குள் ஓடும் செட்டோ கால்வாயின் கோய் மீன்களைக் (வண்ணக் கெண்டை மீன்கள்) குளிர்காலத்தில் குளத்துக்கு மாற்றிவிடுவார்கள். மீன் பார்க்க ஏப்ரல் பாதிக்குப் பிறகு போங்கள்.