லா ஃபர்முக்கு சிவி அனுப்புனா பதிலே வரல, என்ன தப்பு பண்றேன்?

பென்னாகரத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரி கவர்மென்ட் லா காலேஜ்ல அஞ்சு வருஷ கோர்ஸ், இது கடைசி வருஷம். சென்னை பெங்களூர்னு ஒரு இருபது ஃபர்முக்கு மெயில் போட்டுட்டேன், ரெண்டு மாசம் ஆகியும் ஒருத்தர் கூட பதில் போடல. சிவி மூணு பக்கம் இருக்கு, கவரிங் லெட்டர் நெட்ல கிடைச்ச மாடல பாத்து எழுதினது. எங்க வீட்ல படிச்சவங்க யாரும் இல்ல, அப்பா ராகி வெள்ளாமை. பெரிய மூட் கோர்ட் (மாணவர்களுக்கான மாதிரி வழக்கு வாதப் போட்டி) பரிசெல்லாம் கிடையாது, தர்மபுரி கோர்ட்ல ஒரு சீனியர்கிட்ட இன்டர்ன்ஷிப் பண்ணேன், எம்சிஓபியும் (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) செக் பவுன்ஸ் கேஸும்தான், அப்பறம் லோக் அதாலத்துல கொஞ்ச நாள் உக்காந்தேன். இதெல்லாம் போட்டா மதிப்பாங்களா? உங்க அனுபவத்த சொல்லுங்க, ரொம்ப உதவியா இருக்கும்.

ஓசூர்_அக்கா:
தம்பி, நான் பெங்களூர்ல ஒரு ஃபர்ம்ல ப்ராபர்ட்டி டீம்ல இருக்கேன், இன்டர்ன் கேட்டு வர்ற சிவிய முதல்ல பாக்கறது நான்தான், அதனால சொல்றேன். ஒரு சிவிக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. மூணு பக்கத்த ஒரே பக்கமா ஆக்கு, மிஞ்சிப்போனா ஒன்றரை. அப்பா பேரு, மதம், கல்யாணம் ஆச்சா இல்லையா, கீழ "இதனால் உறுதி அளிக்கிறேன்"னு ஒரு வரி, இதெல்லாம் கல்யாண ஜாதகத்துக்குதான், எடுத்துடு. மேல படிப்பும் மார்க்கும், அதுக்கு கீழயே இன்டர்ன்ஷிப்.

"சீனியருக்கு உதவினேன்"னு மொட்டையா எழுதாத. எம்சிஓபி பண்ணேன்னு சொல்ற, தொப்பூர் கணவாய் கேஸு நிறைய பாத்திருப்ப. எத்தன கேஸ் கட்டு படிச்ச, க்ளெய்ம் பெட்டிஷன் நீ டிராஃப்ட் பண்ணியா, இழப்பீடு கணக்கு போட்டியா? சுப்ரீம் கோர்ட்டோட சரளா வர்மா தீர்ப்பு 2009ல வந்தது, அதுல வயசுக்கு தகுந்த மல்டிப்ளையர், அதாவது வருஷ இழப்ப எத்தனயால பெருக்கணும்ங்கற டேபிள் இருக்கு, 28 வயசுக்கு 17. அதுக்கு மேல எதிர்கால வருமானத்துக்கு எவ்ளோ சேக்கணும்னு 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு சொல்லுது. இந்த ரெண்டையும் வச்சு நீயே கணக்கு போட்டிருந்தா அத ஒரே வரில எழுது, படிக்கறவங்களுக்கு இவனுக்கு வேலை தெரியும்னு புரியும். ஆனா கட்சிக்காரர் பேரு, கேஸ் நம்பர் எதுவும் சிவில வரக்கூடாது, வந்தா இவன் ரகசியம் காக்க மாட்டான்னு அங்கயே ஓரமா வச்சிடுவோம்.

கிருஷ்ணகிரி_வக்கீல்:
அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் ஒண்ணு சேக்கறேன். தமிழ் மீடியம்னு கூச்சப்படாதப்பா. ஓசூர் பக்கம் கம்பெனிக்கு நிலம் வாங்கறாங்கன்னா பழைய கையெழுத்து தாய்ப்பத்திரத்த படிக்கணும், வில்லங்கம் போட்டு பாக்கணும், பட்டா சிட்டா எஃப்எம்பி (நில அளவை வரைபடம்) எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு ஒத்து பாக்கணும். இத சரளமா செய்யற பசங்க பெரிய ஃபர்ம்ல கம்மி. தமிழ் படிப்பேன் எழுதுவேன், தெலுங்கோ கன்னடமோ பேச வரும்னா அதையும் தனியா ஒரு வரி போடு.

கவரிங் லெட்டர்ல இருபது பேருக்கும் ஒரே மாடல் வேணாம். அந்த ஃபர்ம் என்ன வேலை பண்ணுதுன்னு படி, உன் கையில இருக்கறதுல எது அதுக்கு பொருந்துமோ அத மட்டும் எழுது. க்ரிமினல், ரிட் பாக்கற சேம்பர்னா வாச்சாத்தி கேஸ் (மலைவாழ் கிராமத்து ஜனங்கள வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க கொடுமைப்படுத்தின கேஸ்) பத்தி எழுதலாம். சம்பவம் 1992 ஜூன், நம்ம தர்மபுரி கோர்ட்ல தீர்ப்பு 2011 செப்டம்பர் 29, குற்றம் சாட்டப்பட்டவங்கள்ல அன்னிக்கு உயிரோட இருந்த 215 பேரும் குற்றவாளின்னு சொன்னாங்க, ஹைகோர்ட் 2023ல அத உறுதி பண்ணுச்சு. நம்ம மாவட்டத்து பையன் அந்த தீர்ப்ப முழுசா படிச்சு, சாட்சிகள எப்படி எடை போட்டாங்கன்னு நாலு வரி எழுதினா அதுக்கு தனி கனம் உண்டு. ஆனா கம்பெனி ஒப்பந்தம் போடற ஃபர்முக்கு இத எழுதாத, அங்க ஒட்டாது. படிக்காம எழுதவும் எழுதாத, இன்டர்வ்யூல முதல் கேள்வியே அதுதான் வரும்.

சிப்காட்_ரோடு:
அரியர் இருந்து க்ளியர் பண்ணியிருந்தா மறைக்காதீங்க ப்ரோ, மார்க் ஷீட் கேப்பாங்க. பார் கவுன்சில்ல என்ரோல் பண்ற வரைக்கும் பேருக்கு பக்கத்துல அட்வகேட்னு போடாதீங்க. மெயில்ல எல்லா ஃபர்மையும் ஒண்ணா போட்டு அனுப்பினீங்களா? நான் அப்படித்தான் முதல்ல அனுப்பினேன், ஒரு ஃபர்ம்ல இருந்து மட்டும் தனித்தனியா அனுப்புங்கன்னு பதில் வந்துச்சு. பிடிஎஃப்பா அனுப்புங்க, ஃபைல் பேர்ல உங்க பேர் இருக்கட்டும்.

பென்னாகரத்தான்:
ஆமா, ஒண்ணாதான் அனுப்பினேன், தப்புன்னு தெரியல. எல்லாருக்கும் நன்றி. ராத்திரி உக்காந்து மாத்தினேன், இப்படி எழுதியிருக்கேன்: "மோட்டார் விபத்து வழக்குகளில் 11 கட்டுகளைப் படித்து, 4 மனுக்களுக்கு முதல் வரைவு எழுதினேன். இழப்பீட்டுக் கணக்கை நானே போட்டு சீனியரிடம் காட்டித் திருத்திக்கொண்டேன்." இத இங்கிலீஷ்ல போட போறேன். சரியா இருக்கா அக்கா?

ஓசூர்_அக்கா:
நல்லா இருக்கு தம்பி. அந்த 4 மனுவையும் கோர்ட் குறை சொல்லி ரிட்டர்ன் பண்ணாம கேஸ் நம்பர் குடுத்துச்சான்னு சீனியர்கிட்ட கேளு, ஆகியிருந்தா அதையும் சேத்துடு. உன் சீனியர் பேர போடறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு, ஃபோன் பண்ணி கேப்பாங்க. இங்கிலீஷ்ல எழுதினதும் இங்க போடு, நான் திருத்தி தரேன்.