புதுப்பிப்பு: அம்மாவின் 14 சதவீதம்

முன்பு எழுதியது நினைவிருக்கலாம். அப்பா காலமான பிறகு, குடும்பத்து பிரைவேட் லிமிடெட் நூற்பாலையில் அம்மா பெயருக்கு வந்த 14 சதவீதப் பங்கு, பெரியப்பா நடத்திய உரிமைப் பங்கு வெளியீட்டில் (ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குப் புதுப் பங்கு வாங்கச் சலுகை தருவது) 6 ஆகிவிட்டது. சலுகைக் கடிதமே கெடு முடிந்த மறுநாள்தான் வந்தது; அதனால் அம்மாவால் வாங்க முடியவில்லை.

10 சதவீதம் இல்லாமல் வழக்கே போட முடியாது என்று சிலர் சொன்னீர்கள். கம்பெனிச் சட்டம் 244-ம் பிரிவில் அந்த வரம்பு இருக்கிறது; உறுப்பினர் எண்ணிக்கையை வைத்துத் தகுதி பெறும் வழியும் அதில் உண்டு. ஆனால் நாம் எதிர்க்கிற புதுப் பங்கு ஒதுக்கீட்டுக்கு முந்தைய கணக்கை, அதாவது 14 சதவீதத்தை வைத்தே தகுதி பார்க்கச் சொல்லி வாதாடலாம் என்றார் வக்கீல். அந்த வரம்பிலிருந்து விலக்கு தரவும் கம்பெனி வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு (NCLT) அதிகாரம் உண்டு. சரி என்று சென்னைத் தீர்ப்பாயத்தில், பங்குதாரரை ஒடுக்குவதை எதிர்க்கும் 241-ம் பிரிவின் கீழ் மனு போட்டோம். பங்கு நிலையை மாற்றக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்துவிட்டது!

வக்கீல், அந்தச் சலுகைக் கடிதத்தைவிட அது வந்த உறையைத்தான் அதிக நேரம் பார்த்தார். கடிதத்தில் தேதி 3. ஸ்பீடு போஸ்ட் முத்திரையில் 19. தாமதமாக அனுப்பியதற்கு அதுதான் சாட்சி. அம்மா அந்த உறையைப் பீரோவில் அப்பாவின் வேட்டிக்கு அடியில் வைத்திருந்தார். தயவுசெய்து யாரும் உறையைத் தூக்கிப் போடாதீர்கள்.

நீலகிரி கேத்தியில் ஊசி தயாரிக்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் வழக்கிலும் உரிமைப் பங்குச் சலுகைக் கடிதம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. 1981-ல் உச்ச நீதிமன்றம் அதை ஒடுக்குமுறை இல்லை என்றது; ஆனாலும் பங்கு கிடைக்காதவருக்கு ஈடு கொடுக்க வைத்தது. அதைப் படித்ததும் பயமும் வந்தது, தெம்பும் வந்தது.

நேற்று பெரியப்பா போன் செய்து, "பேசித் தீர்த்துக்கலாம்மா" என்றாராம். பங்கின் மதிப்பைக் கணிக்க நியாயமான மதிப்பீட்டாளர் ஒருவரை வைத்தால் பேசலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.