மேலவீட்டுக் குடும்பக் குழு: ஹைட்ரஜன் அடுப்பும் தாத்தா பெயர் மீட்டரும்

சனிக்கிழமை

காலை 6:04

அப்பா: (பலமுறை பகிரப்பட்டது) மகிழ்ச்சிச் செய்தி!! மத்திய அரசின் 19,744 கோடி ஹைட்ரஜன் திட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இலவச ஹைட்ரஜன் அடுப்பு! இனி கேஸ் சிலிண்டர் தேவையில்லை. கடைசி நாள் நாளை. கீழே உள்ள லிங்கைத் தொட்டு ஆதார் எண்ணைப் பதியவும். 10 பேருக்கு அனுப்பவும்.

தக்கலை சித்தி: அத்தான், நிஜமா? சிலிண்டர் நேற்றுதான் தீர்ந்தது.

நான்: யாரும் அந்த லிங்கைத் தொடாதீர்கள். அப்பா, நீங்கள் தொட்டீர்களா?

அப்பா: ஆதார் எண் போட்டேன். ஓடிபி கேட்டது. அதற்குள் உன் அம்மா தேங்காய் துருவக் கூப்பிட்டுவிட்டாள்.

அம்மா: தேங்காய்க்கு நன்றி சொல்லுங்கள்.

நான்: அதில் அந்த 19,744 கோடி மட்டும்தான் உண்மை. 2023 ஜனவரி 4-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பசுமை ஹைட்ரஜன் திட்டம். அதில் அடுப்பும் கிடையாது, வீடுகளுக்கு வேறு எதுவும் கிடையாது. அதில் 17,490 கோடி கம்பெனிகளுக்கான ஊக்கத்தொகை. தண்ணீரைக் கரண்டால் பிரிக்கிற இயந்திரம் செய்கிறவர்களுக்கு 4,440 கோடி, ஹைட்ரஜன் தயாரிக்கிறவர்களுக்கு 13,050 கோடி.

குளச்சல் அத்தான்: அப்போ நமக்கு?

நான்: நமக்குப் போலி லிங்க்.

பெரிய மாமா: (குரல் செய்தி, 3 நிமிடம் 41 நொடி)

தம்பி: மாமா, இங்கே ஹூஸ்டனில் ராத்திரி. பக்கத்தில் குழந்தை தூங்குகிறாள். எழுதி அனுப்புங்கள்.

பெரிய மாமா: எழுதினால் என் விரலுக்கு இரண்டு எழுத்து சேர்ந்து விழுகிறது. சரி, எழுதுகிறேன்.

தக்கலை சித்தி: அண்ணே, அதற்கு முன்னால் என் காரியம் ஒன்று இருக்கிறது. எல்லாரும் கேட்க வேண்டும்.

அம்மா: பெரிய அண்ணன் எழுதி முடிக்கட்டும், பிறகு சொல். கட்சிப் பேச்சு மட்டும் யாரும் எடுக்க வேண்டாம். போன தேர்தலில் குழுவை விட்டுப் போன இரண்டு பேரைத் திரும்பச் சேர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

காலை 6:31

பெரிய மாமா: கம்பெனிக்குக் காசு கொடுப்பது புதிது ஒன்றும் இல்லை, மாப்பிள்ளை. ஆரல்வாய்மொழியில் நான் காத்தாடி, அதாவது காற்றாலை, ஆபரேட்டராகச் சேர்ந்தபோது எல்லாம் மில் முதலாளிகளின் காத்தாடிதான். கோயம்புத்தூரில் நூல் மில், இங்கே காத்தாடி. ஏன் தெரியுமா? போட்ட பணம் முழுவதையும் முதல் வருடமே தேய்மானம் என்று கணக்குக் காட்டி வருமான வரியில் கழிக்கலாம். அப்போது 100 சதம். பிறகு 80. இப்போது 40.

பெரிய மாமா: அதனால் மார்ச் 31-க்குள் காத்தாடி ஓடியாக வேண்டும். மார்ச்சில் நம் ஊர்க் கணவாயில் காற்று ஏது? ஆனி ஆடியில்தானே ஆளைத் தூக்கும். ஒரு வருடம் மார்ச் 30-ஆம் தேதி மேனேஜர் வந்து தேங்காய் உடைத்தார், சூடம் காட்டினார். இறக்கை அசையவே இல்லை. பனை ஓலைகூட அசையவில்லை. மீட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஒரு யூனிட்டாவது காட்டுமாப்பா?" என்று ராத்திரி முழுக்கக் கேட்டார். விடியக்காலம் மலைப் பக்கம் இருந்து லேசாக ஒன்று வீசியது. 4 யூனிட். நோட்டில் நான்தான் எழுதினேன். எனக்கு நூறு ரூபாய் கொடுத்துவிட்டு ஓட்டமாய்க் காரில் ஏறினார்.

அப்பா: மச்சான், 4 யூனிட்டுக்கு 100 ரூபாயா? உலகத்திலேயே விலை கூடின கரண்டு அதுதான்.

தம்பி: மாமா, இது சூப்பர். அரசு அன்றைக்குக் காசு கொடுத்தது காத்தாடியை நட்டுவைப்பதற்கு, ஓடுவதற்கு அல்ல.

பெரிய மாமா: அதேதான் மக்களே. பழுதானால் மாதக்கணக்கில் சும்மா நிற்கும். முதலாளிக்கு வரி மிச்சம் ஆகிவிட்டது, பின்னே அவருக்கு என்ன அவசரம்?

நான்: அதனால்தான் 2009-இல் வேறு மாதிரி ஒன்று கொண்டுவந்தார்கள் மாமா. காற்றாலை தருகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா. ஹைட்ரஜனுக்கும் இப்போது அந்த வழிதான். ஆலை கட்டினால் மட்டும் போதாது, தயாரித்துக் காட்டினால் கிலோவுக்கு முதல் வருடம் அதிகபட்சம் 50 ரூபாய், அடுத்த வருடம் 40, மூன்றாம் வருடம் 30.

பெரிய மாமா: அப்படியானால் பரவாயில்லை. படித்தவர்கள் ஒரு தடவை சூடு பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

குளச்சல் அத்தான்: ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எவ்வளவு கரண்டு வேண்டும்? ஐஸ் பிளான்ட் பில் கட்டுகிறவன் கேட்கிற கேள்வி இது.

நான்: 50 யூனிட்டுக்கு மேல். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தாலும் 250 ரூபாய் கரண்டுக்கே போய்விடும். 50 ரூபாய் மானியம் ஐந்தில் ஒரு பங்கு. அதனால்தான் கரண்டை வேறு மாநிலத்திலிருந்து கொண்டுவரும் கட்டணத்தையும் 25 வருடத்துக்கு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சலுகை பட்ஜெட் கணக்கில் பெரிதாகத் தெரியாது. கம்பிக்கும் டவருக்கும் ஆகிற செலவை மற்றவர்கள் பில்லில் சுமக்க வேண்டியதுதான்.

குளச்சல் அத்தான்: நான் சுமக்கிறேன் என்று சொல்.

காலை 7:10

அப்பா: எல்லாவற்றையும் குறை சொல்லாதீர்கள். தூத்துக்குடி துறைமுகத்தில் ஹைட்ரஜன் ஆலையே வந்துவிட்டது. போட்டோ பார்த்தேன், அமைச்சர் நின்றார்.

தம்பி: 2025 செப்டம்பரில் திறந்ததுதானே? அது சோதனைக்கு வைத்தது அப்பா. 3.87 கோடி செலவு. மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன். எடையில் ஒரு கிலோகூட இல்லை, 900 கிராம். துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கும் மின்வண்டி சார்ஜ் போடவும் அந்த ஹைட்ரஜனை மறுபடி கரண்டாக்குகிறார்கள்.

பெரிய மாமா: பொறு. கரண்டைக் கொடுத்து ஹைட்ரஜன் எடுத்து, அந்த ஹைட்ரஜனைக் கொடுத்து மறுபடி கரண்டா? இடையில் பாதி போய்விடாதா?

தம்பி: பாதிக்கு மேல் போகும்.

பெரிய மாமா: மாட்டுக்குப் பால் கொடுத்துப் பால் கறக்கிற கதை.

நான்: தெருவிளக்கு வெறும் காட்சிக்கு மாமா. முதலில் சோதித்துப் பார்க்கத்தான் இந்தச் சிறிய ஆலை. நிஜத் தேவை உரத்துக்கும் பெட்ரோல் சுத்திகரிப்புக்கும். யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். இன்றைக்கு அதைப் பெரும்பாலும் இறக்குமதி செய்கிற எரிவாயுவிலிருந்து எடுக்கிறார்கள். அந்த இடத்தில் மாற்றினால் அர்த்தம் இருக்கிறது. அடுப்பிலும் ஸ்கூட்டரிலும் இல்லை. என் எண்ணம் இதுதான்.

குளச்சல் அத்தான்: ஏற்றுமதியையும் சேர்த்துக்கொள். 2024 ஜனவரி முதலீட்டாளர் மாநாட்டில் ஒரு சிங்கப்பூர் கம்பெனி தூத்துக்குடியில் 36,238 கோடி போடுவதாகக் கையெழுத்துப் போட்டதே, அது வெளிநாட்டுக்கு அம்மோனியா அனுப்பத்தான். மாநில அரசும் மத்திய அரசும் அதில் மட்டும் சண்டை போடவில்லை. கையெழுத்து வேறு, தூண் எழும்புவது வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி: இங்கே அமெரிக்காவில் காசு ஒதுக்கிய பிறகும் நிறுத்துவார்கள் அத்தான். 2021-இல் ஹைட்ரஜன் மையங்களுக்கு என்று சட்டம் போட்டு ஒதுக்கிய தொகை 8 பில்லியன் டாலர். ஆட்சி மாறியது. 2025 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் 1.2 பில்லியனையும் வடமேற்கு மாநிலங்களின் 1 பில்லியனையும் ரத்து செய்துவிட்டார்கள். அதை நம்பி வேலை மாறின என் நண்பன் ஒருவன் இப்போது மறுபடி ஆயில் கம்பெனியில்.

பெரிய மாமா: நம் நாட்டில் ஆட்சிகூட மாற வேண்டாம். 2012 ஏப்ரலில் காத்தாடி தேய்மானச் சலுகையை நிறுத்தினார்கள். முப்பந்தலில் கிரேன் வந்து நிற்கிற டீக்கடையில் கிரேன்காரர்களே இல்லை. புரோட்டா மாவு மிஞ்சிப் புளித்தது. 2014-இல் திரும்பக் கொடுத்தார்கள். அந்த இரண்டு வருடத்தில் என் கூட இருந்தவர்கள் பாதிப் பேர் கேரளாவுக்கு ரப்பர் வெட்டப் போய்விட்டார்கள். போனவன் திரும்பவில்லை.

அம்மா: அண்ணே, அந்தச் சமயம்தான் நீங்கள் பிள்ளையின் கல்யாணத்துக்கு வைத்திருந்த சங்கிலியை விற்றது.

பெரிய மாமா: அதை ஏன் இங்கே எழுதுகிறாய்?

காலை 7:48

அப்பா: சரி அதை விடுங்கள். கடலிலும் காத்தாடி வருகிறதாமே, குளச்சல் மாப்பிள்ளை என்ன சொல்கிறார்?

குளச்சல் அத்தான்: 2024 ஜூனில் 7,453 கோடி ஒதுக்கினார்கள். குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500. கடலில் காத்தாடி நிறுத்தச் செலவு கூடுதல், அந்தக் கூடுதலை அரசு ஈடுகட்டும். அதில் 600 கோடி இரண்டு துறைமுகங்களைச் சீர்படுத்த. குளச்சல் அந்த இரண்டில் இல்லை, யாரும் இனிப்பு வாங்க வேண்டாம்.

குளச்சல் அத்தான்: எனக்குக் காத்தாடி மேல் கோபம் இல்லை. நம் மாவட்டத்தில் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், குளச்சல் பக்கம் ஜூன், ஜூலை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். மிச்ச மாதத்தில் வலை விரிக்கிற இடத்தில் தூணும் கேபிளும் வந்தால் எத்தனை மைல் தள்ளிப் போக வேண்டும், கூடுதல் டீசல் யார் தருவார்? 7,453 கோடியில் அதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று எங்கள் ஏலக்கூடத்தில் கேட்கிறார்கள். பதில் சொல்ல யாரும் வருவதில்லை. திறப்பு விழாவுக்கு மட்டும் நாற்காலி கேட்டு வருவார்கள்.

பெரிய மாமா: எங்கள் ஊரிலும் அப்படித்தான். பனங்காட்டை என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்று சொன்னால் அழுவீர்கள். காற்று நிலத்துக்காரனுக்குச் சொந்தம் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. நல்ல காற்று அடிக்கிற இடத்தில் எல்லாம் இன்றும் 225 கிலோவாட் கிழட்டுக் காத்தாடிதான் நிற்கிறது. ஒரு புதியது அதில் பத்துக்குச் சமம். மாற்றுவதற்கு 2024-இல் மாநில அரசு கொள்கை போட்டது. பார்க்கலாம்.

தக்கலை சித்தி: எல்லாரும் கடலையும் மலையையும் பேசி முடித்தீர்களா? நான் பேசலாமா?

நான்: சொல்லுங்கள் சித்தி.

காலை 8:15

தக்கலை சித்தி: மொட்டை மாடியில் சோலார் போட வேண்டும். மத்திய அரசின் சூரியவீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் தருகிறார்கள். ஆள் வந்து பார்த்து 1,95,000 சொன்னார். முன்பக்கம் ஓடு, பின்பக்கம் கான்கிரீட் வார்ப்பு. வார்ப்பு 350 சதுர அடி இருக்கிறது, போதும் என்றார். தெற்கே நிற்கிற செந்தென்னையின் நிழல் மூன்று மணிக்கு மேல் விழும், இரண்டு மட்டையைத் தறித்தால் சரியாகும்.

அப்பா: உனக்கு இரண்டு மாதத்துக்கு 1,300 ரூபாய்தானே பில் வரும்? மானியம் போக நீ போடுகிற 1,17,000 திரும்பி வர 15 வருடம் ஆகும். 100 யூனிட் சும்மா தருகிற ஊரில் எவன் சோலார் போடுவான்?

தக்கலை சித்தி: அது மருமகள் ஏசி போடுவதற்கு முன்னால், அத்தான். 420 யூனிட் இப்போது 700. பில் 3,800.

நான்: யூனிட் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். ரூபாய் மூன்று மடங்கு. 500-ஐத் தாண்டினால் படி ஏறிக்கொண்டே போகும். இந்தக் கணக்கில் ஐந்தே வருடத்தில் எடுத்துவிடலாம். ஒன்று கவனித்தீர்களா? மாநில அரசு சிறிய பில்லுக்கு மானியம் தருகிறது, மத்திய அரசு வார்ப்பு வீடும் ஏசியும் இருக்கிறவர்களுக்குத் தருகிறது. ஓட்டு வீட்டில் ஒரு ஃபேன் ஓட்டுகிறவருக்கு இந்த 75,021 கோடி சூரியவீடு திட்டம் தூரத்து இடி.

பெரிய மாமா: போடு தங்கச்சி. இதில் எங்களுக்கு என்ன வேலை?

தக்கலை சித்தி: மீட்டர் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அப்பா போய் 11 வருடம் ஆயிற்று. வெப்சைட்டில் என் பெயரைப் போட்டால் கரண்டு கணக்குப் பெயரோடு ஒத்துவரவில்லை என்று திருப்புகிறது. ஆபீஸில் கேட்டேன். வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். பெரிய அண்ணன், அக்கா, சின்ன அண்ணன். மூன்று பேர்.

அம்மா: நான் இன்றைக்கே எழுதுகிறேன்.

பெரிய மாமா: நானும்.

தம்பி: சின்ன மாமா இந்தக் குழுவில் இருக்கிறாரா?

நான்: இருக்கிறார். எல்லாச் செய்திக்கும் நீல டிக் விழுகிறது. பாட்டி பதினாறாம் நாளுக்குப் பிறகு ஒரு வார்த்தை எழுதியதில்லை.

தக்கலை சித்தி: வீட்டில் யாருக்கும் பங்கு போகாது. கரண்டு கணக்குப் பெயர் மட்டும்தான். பத்திரம் அப்படியே இருக்கும். இதை எப்படிச் சொன்னால் நம்புவார் என்று தெரியாமல்தான் ஒரு மாதமாக நான் வாய் திறக்கவில்லை.

அம்மா: சின்ன அண்ணனுக்குச் செந்தென்னை என்றால் உயிர். அதை வெட்டமாட்டாய் என்று சொல்.

தக்கலை சித்தி: மட்டை மட்டும்தான் அக்கா. மரம் நிற்கும்.

காலை 9:26

பெரிய மாமா: மரச்சீனி வெந்துவிட்டது, மீன் குழம்பும் ஆயிற்று. நான் சாப்பிடப் போகிறேன். மாப்பிள்ளை, அந்த ஆதாரை லாக் பண்ணினாயா?

அப்பா: எப்படி என்று மகள் சொல்லித்தருகிறாள்.

காலை 11:52

சின்ன மாமா: கடிதம் வெள்ளைப் பேப்பரில் போதுமா, முத்திரைத் தாள் வேண்டுமா?

சின்ன மாமா: மட்டையைத் தறிக்க ஆள் வைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன்.