ஏசி போட்டு நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஓட்டினால் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டர் மாற்றணுமா?

வெள்ளை_ஹேட்ச்பேக்:
வணக்கம். என்னுடையது பெட்ரோல் கார். குளிர்காலம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. வெயில் ஏற ஆரம்பித்ததிலிருந்து, ஏசியோடு நெரிசலில் நின்றால் முள் பாதியைத் தாண்டி முக்கால் வரை போகிறது. வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் பிடித்தால் தானாக இறங்கிவிடுகிறது. நெடுஞ்சாலையில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் நடுவிலேயே நிற்கிறது. கூலண்ட் டப்பாவில் அளவு சரியாக இருக்கிறது, குறையவும் இல்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால் "ரேடியேட்டர் அடைத்திருக்கும், மாற்றிவிடலாம்" என்கிறார்கள். கோடை விடுமுறையில் வயதான அப்பா அம்மாவோடு நெடுந்தூரம் போக வேண்டும். வழியில் நின்றுவிடக் கூடாதே என்ற பயம்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_டீசல்:
இன்ஜின் சூடாகிற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம மூடி வைக்கிற தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிட்டு ஓட்டுங்க நண்பரே. வெயில் காலத்துக்கு அது தேவையே இல்லை. என் பழைய வண்டி அப்படித்தான் பல வருஷம் ஓடுச்சு.

ஸ்பேனர்_அண்ணன்:
தம்பி, தெர்மோஸ்டாட்டைத் தொடாதீங்க. அது மூடின நிலையில சிக்கிக்கிட்டா நின்னாலும் முள் ஏறும், ஓடினாலும் ஏறும். ரேடியேட்டர் உள்ளே அடைச்சிருந்தா வேகமாப் போகும்போதும் மேடு ஏறும்போதும்தான் அதிகம் சுடும். உங்களுக்கு நேர் எதிரா நடக்குது. ஓடும்போது எதிர்காத்து ரேடியேட்டரைக் குளிர வைக்குது. நிக்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்யணும், அது செய்யலை. கோளாறு தண்ணி ஓட்டத்துல இல்லை, காத்து ஓட்டத்துல இருக்கு.

பழைய டீசல் சார், உங்க அனுபவத்தை மறுக்கலை. ஆனா இப்போ வர்ற இன்ஜின்ல வால்வை எடுத்துட்டா இன்ஜின் வேலை செய்யவேண்டிய சூட்டுக்கே வராது. கம்ப்யூட்டர் "இன்னும் குளிரா இருக்கு"ன்னு நினைச்சு பெட்ரோலைக் கூடுதலா விடும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்ல பைபாஸ் வழி திறந்தே கிடக்கும்; சூடான தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம சுத்தி வந்து இன்னும் மோசமாகும்.

தம்பி, ரெண்டு கேள்வி. நிக்கும்போது ஏசி காத்து குளிர்ச்சி குறையுதா? முள் ஏறினதும் முன்பக்கம் "ஓ"ன்னு பலமா ஃபேன் சத்தம் வருதா?

வெள்ளை_ஹேட்ச்பேக்:
ஆமாம் அண்ணா, இரண்டுமே உண்டு! நிற்கும்போது ஏசி வெதுவெதுப்பாகிவிடுகிறது, நகர்ந்தால் மறுபடி ஜில்லென்று வருகிறது. கேஸ் குறைந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். முள் முக்காலுக்கு வந்ததும் ஃபேன் பெரிய சத்தத்தோடு ஓடும், கொஞ்சம் இறங்கும், நின்றுவிடும், திரும்ப ஏறும்.

ஸ்பேனர்_அண்ணன்:
அப்போ பாதிக் கதை தெரிஞ்சுபோச்சு. நிறைய வண்டியில ஃபேனுக்கு ரெண்டு வேகம். ஏசி போட்டாலே மெதுவான வேகம் ஓடணும். இன்ஜின் ரொம்பச் சூடானா மட்டும் முழு வேகம். மெதுவான வேகத்துக்கு கரண்ட் ஒரு ரெசிஸ்டர் வழியாப் போகும். அது எரிஞ்சுபோனா மெதுவான வேகம் செத்துரும், முழு வேகம் மட்டும் மிஞ்சும். உங்க வண்டி அதைத்தான் காட்டுது. குளிர்காலத்துல ஏசி போடாததால தெரியாம இருந்திருக்கும்.

இப்படிப் பாருங்க. இன்ஜின் நல்லா ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போடுங்க. கம்ப்ரஸர் "டக்"னு சேரும். கொஞ்ச நேரத்துல ஃபேன் சுத்தணும். சுத்தலைன்னா இன்ஜினை நிறுத்திட்டு ஃபியூஸ் பாருங்க. ஃபேனுக்கு கரண்டை இணைச்சு விடற சின்ன சுவிட்ச்தான் ரிலே; அதே மாதிரி இன்னொண்ணு ஃபியூஸ் பெட்டியில இருந்தா மாத்திப் போட்டுப் பாருங்க. ரெண்டும் சரின்னா ஃபேன் கூட்டுல திருகியிருக்கிற ரெசிஸ்டரோட சாக்கெட்டைக் கழற்றி மல்டிமீட்டர் வைங்க. நல்ல ரெசிஸ்டர் ரொம்பக் குறைஞ்ச ஓம்தான் காட்டும். எரிஞ்சதுல தொடர்பே இருக்காது. சில வண்டியில ரெசிஸ்டருக்குப் பதிலா தனி மாட்யூல் இருக்கும், அதை ஸ்கேனர் வெச்சுத்தான் பார்க்கணும்.

முக்கியமா ஒண்ணு. சில வண்டியில இன்ஜினை நிறுத்தின பிறகும் ஃபேன் தானா ஓடும். பேட்டரி மைனஸைக் கழற்றாம அதுக்குள்ள விரலை விடாதீங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் திறக்காதீங்க. குக்கர் மாதிரி உள்ளே அழுத்தம் இருக்கு. 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம நிக்கிற தண்ணி, மூடி திறந்த நொடியில முகத்துல அடிக்கும்.

கண்டென்சர்_காதலி:
ஒரு சிறு சேர்க்கை. ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏசி கேஸைக் குளிர வைக்கும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சும் பூச்சியும் தூசியும் கம்பளி போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில். பிரஷர் வாஷர் பக்கத்தில் வந்தால் தகடுகள் மடங்கிக் காற்று போகும் வழியே அடைபடும்.

வெள்ளை_ஹேட்ச்பேக்:
அண்ணா சொன்னபடியே! ஏசி போட்டும் ஃபேன் அசையவில்லை. ஃபியூஸ், ரிலே நன்றாக இருந்தன. ரெசிஸ்டரின் பீங்கான் உடல் நடுவில் கருகி விரிசல் விட்டிருந்தது, மீட்டரில் தொடர்பு இல்லை. தெரு மெக்கானிக் புதியது மாட்டினார். ஏசி போட்டதுமே ஃபேன் மெல்லச் சுற்றுகிறது. நடுப்பகல் நெரிசலிலும் முள் நடுவை விட்டு நகரவில்லை, ஏசியும் குளிர்கிறது. கேஸ் நிரப்பவே இல்லை. நடுவிலிருந்த தூசியையும் கழுவினோம். மனமார்ந்த நன்றி.

பயணத்துக்கு முன் டயர், பேட்டரி விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

ஊர்சுற்றி:
வெயில்ல காத்து விரியும், அதனால எல்லா டயர்லயும் ரெண்டு மூணு பிஎஸ்ஐ குறைச்சு வைங்க. வெடிக்காது.

ஸ்பேனர்_அண்ணன்:
இந்த ஒரு பழக்கத்தை எல்லாரும் விடணும்னு ரொம்ப நாளா கெஞ்சிட்டு இருக்கேன். டயர் வெடிக்கிறதுக்குப் பெரிய காரணமே காத்து குறைவா இருக்கிறதுதான். காத்து குறைஞ்சா பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் அதிகமா மடங்கி நிமிரும். அந்த மடங்கல்லதான் சூடு பிறக்குது. சுமையும் வேகமும் வெயிலும் சேர்ந்தா உள்ளே இருக்கிற அடுக்குகள் பிரிஞ்சிரும்.

டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் அளவுதான் சரி. முழுக் குடும்பமும் சாமானும்னா அதுலயே கூடுதல் அளவு போட்டிருக்கும். காலையில வண்டி ஓடறதுக்கு முன்னாடி அளக்கணும். சூடு 5, 6 டிகிரி ஏறினா சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். அதையும் கணக்குல வெச்சுத்தான் அந்த அளவு சொல்லியிருக்காங்க. அதனால 32 வெச்சது வழியில 36 காட்டினா பயந்து இறக்காதீங்க. ஸ்டெப்னியையும் பாருங்க, அதை யாரும் பார்க்கிறதில்லை.

பக்கச்சுவர்ல நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். 2319 இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. பட்டன், அதாவது டயர் மேல இருக்கிற வரிப்பள்ளம், அதோட ஆழம் 1.6 மி.மீ. ஆகிட்டா டயர் முடிஞ்சது. பட்டன் நிறைய இருந்தும் ரப்பர் வெடிப்பு விட்டிருந்தா, பெத்தவங்களை ஏத்திட்டு அதுல போகாதீங்க.

கண்டென்சர்_காதலி:
பேட்டரி குளிரில்தான் சாகும் என்று நினைக்கிறோம். அதை உள்ளே அரிப்பது வெயில். குளிரில் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். வைப்பர் ரப்பரும் வெயிலில் இறுகிப்போயிருக்கும், கோடை மழைக்கு முன் மாற்றிவிடுங்கள்.

வெள்ளை_ஹேட்ச்பேக்:
கடைசிச் சந்தேகம். கூலண்ட் பச்சையாக இருக்கிறது. கடையில் எந்தப் பச்சையையும் ஊற்றலாமா?

ஸ்பேனர்_அண்ணன்:
நிறத்தை நம்பாதீங்க, அது வெறும் சாயம். ஒரே பச்சைக்குள்ள வேற வேற ரசாயனம் இருக்கு, கலந்தா கூழாகிற ஆபத்து உண்டு. கையேட்டுல சொன்ன வகை எதுவோ அதையே வாங்குங்க. ரெடிமிக்ஸ் இல்லைன்னா டிஸ்டில்டு வாட்டரோட பாதிக்குப் பாதி. குழாய்த் தண்ணி வேண்டாம், உப்புப் படியும். வழியில அவசரம்னா கிடைச்ச தண்ணியை ஊத்திட்டு, வந்ததும் முழுசா மாத்திருங்க. பிரேக் ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா அதையும் இப்பவே மாத்திருங்க தம்பி. அது ஈரத்தை இழுக்கும், இழுக்க இழுக்க கொதிநிலை குறையும். மலை இறக்கத்துல பிரேக்கை விடாம மிதிச்சா உள்ளே ஆவி கட்டி பெடல் அப்படியே அமுங்கிப்போகும். இறக்கத்துல கியரைக் குறைச்சு இறங்குங்க.