புதுப்பிப்பு: 'எல்லா பஸ்ஸும் நிற்காது' என்பதைக் குறியீட்டில் எழுதுவது

போன பதிவில் "எல்லா பஸ்ஸும் வெள்ளவத்தையில் நிற்காது" என்பதற்கு ¬∀ப நி(ப) என்று மட்டும் கொடுத்திருந்தேன் (¬ என்றால் 'இல்லை', ∀ என்றால் 'எல்லா'). அது போதாது, திருத்துகிறேன்.

நி(ப) என்பது "ப வெள்ளவத்தையில் நிற்கும்" என்ற கூற்றுச் சார்பு, அதாவது ப என்ற மாறியைக் கொண்ட வாக்கியம். ப எதுவென்று தெரியாதவரை அது உண்மையுமல்ல, பொய்யுமல்ல. ப-வுக்கு ஒரு குறிப்பிட்ட பஸ்ஸை இட வேண்டும், அல்லது ∀, ∃ ('ஒன்றாவது உண்டு') இரண்டில் ஒன்றால் மாறியைக் கட்ட வேண்டும். அப்போதுதான் அது கூற்றாகும்.

நம் தமிழ் வாக்கியம் இரண்டு பொருளைத் தாங்குகிறது. ¬∀ப நி(ப) என்றால் நிற்காத பஸ் ஒன்றாவது உண்டு. இது ∃ப ¬நி(ப) என்பதற்குச் சமம். ∀ப ¬நி(ப) என்றால் ஒரு பஸ்கூட நிற்காது. காலி வீதியில் போகும் 100ஆம் இலக்க பஸ் ஒன்று அங்கே நின்றாலே இரண்டாவது பொய்யாகிவிடும். முதலாவதை அது அசைக்காது. பரீட்சையில் எழுதும்போது "எல்லாம் ... இல்லை" என்ற அமைப்பைத் தவிர்த்து, "ஒன்றுகூட இல்லை" அல்லது "அப்படியில்லாதது ஒன்றாவது உண்டு" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

பின்னூட்டத்தில் வந்த கேள்வி இதைவிட முக்கியம். ஆட்சியை, அதாவது ப குறிக்கக்கூடிய பொருள்களின் தொகுதியை, பஸ்களிலிருந்து எல்லா வாகனங்களுக்கும் விரித்து, "சில பஸ்கள் நிற்கும்" என்பதை ∃ப (பஸ்(ப) → நி(ப)) என்று எழுதலாமா (பஸ்(ப) என்றால் 'ப ஒரு பஸ்', → என்பது 'என்றால்')? கூடாது. ப-வுக்கு ஓர் ஓட்டோவை இட்டுப் பாருங்கள். பஸ்(ப) பொய். → குறிக்கு முன்னால் உள்ள பகுதி பொய்யானால் நிபந்தனைக் கூற்று முழுவதும் உண்மை. ஒரு பஸ்ஸும் நிற்காவிட்டாலும் ஓட்டோ ஒன்று இருந்தாலே கூற்று உண்மையாகிவிடும்! சரியானது ∃ப (பஸ்(ப) ∧ நி(ப)); ∧ என்றால் 'மற்றும்'. ∀-க்குத்தான் → பொருந்தும். அங்கே ∧ போட்டால் எல்லா வாகனங்களும் பஸ் என்றாகிவிடும்.